பதின்மூன்று பெயர்களும் என் மகனின் வலது காதும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். மகள் போனைப் பார்த்துச் சிரித்தபடி, "அப்பா, என்ர பேர் ஒரு ஜேர்னலில வரப்போகுது" என்றாள்.

யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மகள் டொக்டர். இப்போது மருத்துவச் சஞ்சிகையில் பெயரும் வரப்போகிறது. ஊரில் இருக்கிற அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்ன ஆராய்ச்சி பிள்ளை?"

"ஒரு மருந்து குடுத்த ஆக்களின்ர பழைய ரெக்கோர்ட்ஸ் எல்லாம் எடுத்துப் பாத்துச் செய்தது."

"அதில நீ எதைச் செய்தனீ?"

கொஞ்சம் தயங்கினாள். "நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை அப்பா. எங்கட கொன்சல்டன்ட் சொன்னார், டீமில இருக்கிற எல்லாற்ற பேரையும் போடுவம் எண்டு. ட்ரெய்னிங்குக்கு அப்ளை பண்ணேக்க பொயின்ட்ஸ் கிடைக்குமெல்லே. எல்லாரும் செய்யிறதுதான்."

மேசையின் மற்றப் பக்கம் மகன் இருந்தான். அவனுக்கு வலப்பக்கத்தில் நின்று பேசினால் விளங்காது. தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்து, "என்னக்கா சொன்னனீ?" என்று கேட்டான். அந்தத் தலை திருப்பலைக் கண்டதும் என் சந்தோசம் அப்படியே இறங்கிவிட்டது. ஏன் என்று சொல்ல நான் 1998க்குப் போக வேண்டும்.

நாங்கள் வாசிக்காத ஒரு கட்டுரை

நானும் மனைவியும் 1992இல் லண்டனுக்கு வந்தோம். மகள் 1995இல் பிறந்தாள். அவளுக்கு எம்.எம்.ஆர். ஊசி நேரத்துக்குப் போட்டாயிற்று. சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா என்ற மூன்று நோய்களுக்கும் ஒரே ஊசி. பிரித்தானியாவில் 1988இலிருந்து போடுகிறார்கள். அதைப் பற்றி நாங்கள் யோசித்ததுகூட இல்லை. ஊரில் சின்னமுத்து வந்தால் வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைத்து, அம்மன் வருத்தம் என்று கும்பிட்டுக்கொண்டு இருந்த காலம் எங்களுக்கு நினைவிருந்தது. ஊசி கிடைப்பதே பெரிய விசயம்.

மகன் பிறந்தது 1997 டிசம்பரில். அவனுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, 1998 பெப்ரவரி கடைசியில், லண்டன் ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஒரு செய்தியாளர் சந்திப்பு நடந்தது. லான்செட் சஞ்சிகையில் வரும் ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பற்றியது. அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர், மூன்றையும் சேர்த்துப் போடாமல் தனித்தனி ஊசியாகப் போடுவது நல்லது என்று அங்கே சொன்னார். அடுத்த நாள் பத்திரிகைகளில் எம்.எம்.ஆருக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பாம் என்ற செய்தி.

அந்தக் கட்டுரையில் இருந்தது வெறும் 12 பிள்ளைகள். கட்டுரையில் பெயர் போட்டிருந்தவர்கள் 13 பேர். பிள்ளைகளைவிட எழுதியவர்கள் கூட! தொடர்பை நாங்கள் நிரூபிக்கவில்லை என்று கட்டுரைக்குள்ளேயே எழுதியிருந்தார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பகலில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன், பின்னேரம் கணக்கியல் படித்தேன். லான்செட்டை நான் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்கு அந்தச் செய்தி கோயில் மண்டபத்திலும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும், போனிலும்தான் வந்தது. "லான்செட்டில வந்திட்டுதாம்." அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

1999 தொடக்கத்தில் மகனுக்கு ஊசி போடச் சொல்லிக் கடிதம் வந்தது. நாங்கள் போகவில்லை. ஹெல்த் விசிற்றர் வீட்டுக்கே வந்து பொறுமையாகச் சொல்லிப் பார்த்தா. "யோசிச்சுச் சொல்லுறம்" என்று அனுப்பிவிட்டோம். 2001 கடைசியில் பிரதமர் டோனி பிளேயரிடம், உங்கள் கைக்குழந்தைக்கு எம்.எம்.ஆர். போட்டீர்களா என்று கேட்டபோது அவர் பதில் சொல்ல மறுத்தார். "பார்த்தீங்களா, பிரதமரே சொல்லுறாரில்லை" என்று எங்கள் ஆட்களும் கதைத்தார்கள். நானும் கதைத்தேன்.

2008இல் மகனுக்குப் பத்து வயது. காய்ச்சல், கண் சிவப்பு, பிறகு உடம்பெல்லாம் பொரி. மனைவி பார்த்தவுடனே சொல்லிவிட்டா, "இது சின்னமுத்து" என்று. ஜீபிக்குக்கூட அவ்வளவு கெதியாய்ப் பிடிபடவில்லை. நியூமோனியாவாகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். உயிர் தப்பியது. காதுக்குள் கிருமி போய் வலது காதின் கேள்வி பெரும்பாலும் போய்விட்டது.

திரைக்குப் பின்னால் நடந்தது

ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒன்பது நாளும்தான் நான் முதல்முறையாக அந்தக் கட்டுரையின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். பின்னாளில் வெளிவந்தவற்றையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு, அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கே, இது முழுதாகத் தெரியாது.

2004 பெப்ரவரியில் பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் சண்டே டைம்ஸில் ஒரு விசயத்தை வெளியில் கொண்டுவந்தார். தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த சட்டத்தரணிகளின் தரப்பிலிருந்து, சட்ட உதவி நிதியில், வேக்ஃபீல்டின் ஆய்வுக்கென்று 55,000 பவுண்ஸ் வந்திருந்தது. ஆய்விலிருந்த பிள்ளைகளில் சிலரின் பெற்றோர் அந்த வழக்கோடு தொடர்புபட்டவர்கள். இந்த இரண்டும் கட்டுரையில் இல்லை. அந்த வழக்குக்கு நிபுணராக வேலை செய்ததற்காக அவருக்குக் கிடைத்த மொத்தத் தொகை 435,643 பவுண்ஸ், செலவுக்காசு வேறு என்று 2006 கடைசியில் தெரியவந்தது. இதைவிட, தனி சின்னமுத்துத் தடுப்பூசி ஒன்றுக்கான காப்புரிமை விண்ணப்பம் 1997 ஜூனிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது, தனி ஊசி போடுங்கள் என்று மைக்கின் முன்னால் சொல்வதற்கு எட்டு மாதம் முதல்.

பெற்றோருக்கு ஆலோசனை சொல்பவர் அந்த ஆலோசனையால் காசு பார்க்கக் கூடியவர் என்றால், அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அதற்குப் பெயர் நலன் முரண். நலன் இருப்பது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம். தெரிந்திருந்தால் இதை வெளியிட்டிருக்கவே மாட்டோம் என்று லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன் 2004இல் சொன்னார்.

அதே ஆண்டு மார்ச்சில் 13 பேரில் 10 பேர், கட்டுரையில் சொல்லப்பட்ட விளக்கத்திலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தார்கள். ஆனால் கட்டுரை அப்படியே இருந்தது. இன்னும் ஆறு வருசம்.

ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் விசாரணை 2007இல் தொடங்கி 2010 வரை இழுபட்டது. நெறிமுறைக் குழுவின் தகுந்த அனுமதி இல்லாமல் பிள்ளைகளுக்குக் கடுமையான பரிசோதனைகள் நடந்ததாகவும், பிள்ளைகள் எப்படித் தெரிவானார்கள் என்று கட்டுரையில் எழுதியது நேர்மையற்றது என்றும் கவுன்சில் முடிவெடுத்தது. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு 5 பவுண்ஸ் கொடுத்து ஆய்வுக்கு இரத்தம் எடுத்ததும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பிறந்தநாள் கேக் சாப்பிட வந்த பிள்ளைகள்!

2010 பெப்ரவரி 2ஆம் திகதி லான்செட் கட்டுரையை மீளப்பெற்றது. அந்த ஆண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவரோடு சேர்த்து நீக்கப்பட்ட பேராசிரியர் ஜோன் வோக்கர்-ஸ்மித் மேன்முறையீடு செய்து, 2012இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிரான முடிவை ரத்துச் செய்தது. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 13 பேரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர்.

2011 ஜனவரியில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான பி.எம்.ஜே. டியரின் இன்னுமொரு விசாரணையை வெளியிட்டது. அவர் 12 பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளையும் கட்டுரையில் எழுதியிருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார். ஊசிக்கு முன் எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று கட்டுரை சொன்னது. ஐந்து பேருக்கு முதலே வளர்ச்சி பற்றிய கவலை பதிவாகியிருந்தது. ஓட்டிசம் என்று காட்டப்பட்ட ஒன்பது பேரில் மூன்று பேருக்கு அப்படி ஒரு நோயறிதலே இருக்கவில்லை. இது தவறு அல்ல, மோசடி என்று சஞ்சிகையின் ஆசிரியர் ஃபியோனா கொட்லி வெளிப்படையாக எழுதினார். வேக்ஃபீல்ட் இன்றுவரை இதை மறுக்கிறார்.

விஞ்ஞானம் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. டென்மார்க்கில் 537,303 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002இலேயே வந்தது. அதே நாட்டில் 657,461 பிள்ளைகளோடு இன்னொன்று 2019இல் வந்தது. இரண்டிலும் ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. 12 எங்கே, ஆறரை இலட்சம் எங்கே. ஆனாலும் எங்கள் கோயில் மண்டபத்தில் 2002இல் அந்த டென்மார்க் ஆய்வைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. பயத்துக்குக் கால் இருக்கிறது. திருத்தத்துக்கு இல்லை.

சின்னமுத்து பரவாமல் இருக்க நூற்றில் 95 பிள்ளைகளுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 92 அளவில் இருந்தது, 2003-04இல் 80க்கு இறங்கியது. லண்டனில் அதைவிடக் குறைவு. 2006இல் 13 வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. 1992க்குப் பிறகு இந்த நாட்டில் சின்னமுத்துக்குப் பலியான முதல் ஆள். 2012-13இல் வேல்ஸின் சுவான்சீ பகுதியில் 1,200 பேருக்கு மேல் நோய் கண்டதாகப் பதிவானது, ஒருவர் இறந்தார். அங்கே நோய்ப்பட்டவர்களில் பலர் என் மகனைப் போல, பெற்றோர் பயந்த காலத்தில் ஊசி தவறிய பிள்ளைகள்.

இதிலே எங்களுக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம், இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த மாதமே பிரித்தானியா அந்தத் தகுதியை இழந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளின் நல்வாழ்வுக்கென்று நாங்கள் விட்டுவிட்டு வந்த நாடு முன்னால் நின்றது. தேடி வந்த நாடு பின்னால் நின்றது.

விதிகள் இல்லாமலா இருந்தன?

இவ்வளவு பெரிய சஞ்சிகைக்கு விதி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இருந்தன. மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் 1978இல் கனடாவின் வன்கூவரில் கூடித் தொடங்கிய ஒரு குழு இருக்கிறது. கட்டுரை எப்படி இருக்க வேண்டும், யார் பெயர் போடலாம் என்பதற்கெல்லாம் பொது விதி எழுதுவது அவர்கள்தான். 1997இல், லான்செட் கட்டுரை வருவதற்கு முதல் வருசம், பிரித்தானியாவிலேயே வெளியீட்டு நெறிமுறைக்கென்று ஒரு குழு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் லான்செட்டின் ஆசிரியரும் ஒருவர்.

அப்படியென்றால் எங்கே ஓட்டை? ஒரு கட்டுரை வந்தால் ஆசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் பெரும்பாலும் காசு வாங்காமல், தங்கள் சொந்த வேலைக்கு நடுவில் வாசித்துக் கருத்துச் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது கட்டுரையை மட்டும்தான். நோயாளியின் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. எழுதியவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது.

நான் கணக்காளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் கணக்குப் புத்தகத்தையும் ரசீதையும் பார்க்காமல் கையெழுத்து வைத்தால் தொழிலே போய்விடும். ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட ஆய்வில், ரசீதைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அது பழைய கதை, இப்போது எல்லாம் திருந்தியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில், 2020 மே 22ஆம் திகதி, அதே லான்செட்டில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 ஆஸ்பத்திரிகள், 96,032 நோயாளிகள் என்று எழுதியிருந்தார்கள். அந்த மருந்தால் ஆபத்து அதிகம் என்றது முடிவு. உடனே உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. தரவுகளைத் தந்தது சேர்ஜிஸ்ஃபியர் என்ற சின்ன நிறுவனம். வெளியார் சரிபார்க்கக் கேட்டபோது அது மூலத் தரவைக் கொடுக்கவில்லை. ஜூன் 4ஆம் திகதி, 13 நாளில், கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் தரவை வைத்து எழுதிய இன்னொரு கட்டுரையை நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினும் அதே நாள் மீளப்பெற்றது.

அந்த மருந்து கொரோனாவுக்கு உதவாது என்பதை முறையான பரிசோதனைகள் பிறகு காட்டின. அதனால் இந்தக் கட்டுரை சரியாகிவிடாது. இல்லாத ரசீதுக்குச் சரியான தொகை எழுதினாலும் அது கள்ளக்கணக்குத்தான்.

என்னை உலுக்கியது வேறு விசயம். லான்செட் கட்டுரையில் பெயர் போட்ட நான்கு பேரில் மூன்று பேர், தங்களுக்கு மூலத் தரவு கிடைக்கவில்லை, இனி அதன் உண்மைக்குத் தாங்கள் பொறுப்பு நிற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது ஆள் அந்த நிறுவனத்தின் தலைவர். பெயர் போடுவதற்கு முதல் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்?

பெரிய சஞ்சிகைகளின் கதை இப்படி. இதற்குக் கீழே இன்னொரு சந்தை இருக்கிறது. காசு கட்டினால் எதையும் போடுகிற போலிச் சஞ்சிகைகள். "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று தொடங்குகிற மின்னஞ்சல்கள் என் மகளுக்கும் வாரம் இரண்டு வருகின்றன. அவள் பேராசிரியரே இல்லை. கட்டுரையை எழுதி, பெயருக்கான இடத்தை விற்கிற ஆலைகளும் இருக்கின்றன. ஒரே ஒரு வெளியீட்டுக் கம்பனி, வைலியின் கீழ் இருந்த ஹின்டாவி, 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளை மீளப்பெற வேண்டி வந்தது. இதை வாங்குகிறவர்கள் எல்லாம் அடிப்படையில் கெட்டவர்கள் அல்லர். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், பயிற்சி இடத்துக்குப் புள்ளி வேண்டும் என்று வைத்தால், புள்ளியை விற்கிறவனும் வருவான். சீனாவிலும் இந்தியாவிலும் மட்டும் நடக்கிறது என்று இங்கே சிலர் சொல்வார்கள். லண்டனில் எங்கள் சாப்பாட்டு மேசையிலும் அதன் சின்னத் துண்டு ஒன்று இருந்தது.

மகளோடு நடந்த வாக்குவாதம்

அன்று மகளிடம் நான் கேட்டேன். "அந்த ரெக்கோர்ட்ஸ் ஒண்டையாவது நீ பாத்தனியா?"

"இல்லை."

"எழுதினதையாவது முழுக்க வாசிச்சனியா?"

"மேலோட்டமா."

"நாளைக்கு ஆரும் இதில பிழை இருக்கெண்டு சொன்னா நீ என்ன சொல்லுவாய்?"

அவளுக்குக் கோபம் வந்தது. "அப்பா, இது வேக்ஃபீல்ட் இல்லை. இது ஒரு சாதாரண ஸ்டடி. அதைச் செய்தவ நல்ல கவனமா செய்திருக்கிறா. நான் பேர் போடாட்டி அந்த இடத்தில வேற ஆரும் போடுவினம். அவைக்குப் பொயின்ட்ஸ், எனக்கு ஒண்டுமில்லை. ஏற்கெனவே எங்கட பேரைப் பாத்தாலே நாங்கள் ரெண்டு மடங்கு காட்ட வேணும். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. பெயரை உச்சரிக்கத் தெரியாத தேர்வுக்குழுவின் முன் நிற்பது எப்படி என்று எனக்கும் தெரியும். அதோடு, அந்த ஆய்வு பிழை என்று நான் சொல்லவும் இல்லை.

ஆனால் வன்கூவர் குழுவின் விதி நாலே நாலு வரி. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைச் சேர்ப்பதிலோ, ஆராய்வதிலோ கணிசமான வேலை செய்திருக்க வேண்டும். எழுதுவதில் அல்லது கருத்தோடு திருத்துவதில் பங்கு இருக்க வேண்டும். கடைசிப் பிரதியைப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். முழுக் கட்டுரைக்கும் பொறுப்புச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நாலும் வேண்டும், ஒன்று இரண்டு போதாது. வேறு உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்ல, கட்டுரையின் கடைசியில் தனி இடம் இருக்கிறது.

நான் சொன்னது இவ்வளவுதான். "1998இல பதின்மூண்டு பேர் இருந்தவை. கோப்புகளை எடுத்துக் கட்டுரையோட வைச்சு ஒருத்தர் பாத்திருந்தாக் காணும். ஒருக்கா ஒருத்தர், 'இதில இருக்கிறதும் நோயாளியின்ர ஃபைலில இருக்கிறதும் ஒண்டா?' எண்டு கேட்டிருந்தாக் காணும்."

அதுவரை பேசாமல் இருந்த மகன் வாய் திறந்தான். "அக்கா, எனக்கு அந்தப் பதின்மூண்டு பேரில கோபம் இல்லை. அவையின்ர பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனா பேர் இருந்தபடியாத்தானே அம்மாவும் அப்பாவும் நம்பினவை."

மகள் எழும்பி மேலே போய்விட்டாள்.

அன்றிரவு மகனிடம், இருபத்தைந்து வருசத்துக்குமேல் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். பிழை லான்செட்டில் மட்டும் இல்லை. 2004இல் உண்மை வெளியில் வந்தபோது உனக்கு ஆறு வயது. ஜீபியிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. "பிறகு பார்ப்பம்" என்று இழுத்தடித்தது நான். அவன் இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும் அப்பா. அம்மா எப்பவோ சொல்லிப்போட்டா" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் நாங்கள் அதைக் கதைக்கவில்லை.

பத்து நாள் கழித்து மகள் எனக்கு ஒரு மின்னஞ்சலைக் காட்டினாள். தன் கொன்சல்டன்டுக்கு எழுதியிருந்தாள். இந்த ஆய்வில் எனக்குப் பங்கு இல்லாததால் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அடுத்த ஆய்வில் தரவு சேர்க்கும் வேலையைத் தந்தால் தொடக்கத்திலிருந்து செய்கிறேன் என்று. பதில் இரண்டு வரி. சரி என்றும், அடுத்ததற்கு ஜனவரியில் வந்து சந்திக்கும்படியும். கோபமா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை. இந்த வருச விண்ணப்பத்தில் அவளுக்கு அந்தப் புள்ளி இல்லை. இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது. கிடைக்காவிட்டால் அந்தப் பழி எனக்குத்தான் வரும், வரட்டும்.

எங்களால் செய்யக் கூடியது

நாங்கள் பெரும்பாலானோர் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதப்போவதில்லை. ஆனால் வாசிக்கிறோம், அதைவிட அதிகமாய் ஃபோர்வேட் பண்ணுகிறோம். கோயில் மண்டபத்தின் வேலையை இன்று வாட்ஸ்அப் குழு செய்கிறது. ஆகவே "பெரிய ஜேர்னலில வந்திட்டுதாம்" என்று ஒரு மருத்துவச் செய்தி வந்தால், அனுப்புவதற்கு முதல் சிலதைப் பாருங்கள்.

எத்தனை பேரை வைத்துச் செய்தது? 12 பேரா, 12,000 பேரா? ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கூட்டம் இருந்ததா? காசு யார் கொடுத்தது? கட்டுரையின் கடைசியில் நிதியும் நலன் முரணும் என்று ஒரு பகுதி இருக்கும். முதலில் அதை வாசியுங்கள், கணக்காளன் சொல்கிறேன். அந்தக் கட்டுரை இப்போதும் நிற்கிறதா, மீளப்பெறப்பட்டதா? அதன் தலைப்பை இணையத்தில் தேடினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வேறு நாட்டில், வேறு ஆட்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா? இது ஒன்றும் விளங்காவிட்டால் உங்கள் ஜீபியிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ கேளுங்கள். அதுக்குக் காசு இல்லை.

மருத்துவம், ஆராய்ச்சி என்று படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று. உங்கள் பெயரை நாங்கள் எவ்வளவு பாடுபட்டு இந்த நாட்டுப் பத்திரங்களில் சரியாக எழுத வைத்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தெரியாத தாளில் போடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, 1998க்கும் 2005க்கும் இடையில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு. உங்களுக்கு எம்.எம்.ஆர். இரண்டு முறையும் போட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்மாவுக்கு நினைவில்லை என்றால் ஜீபியிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் 2024இல் 2,900க்கு மேற்பட்டவர்களுக்குச் சின்னமுத்து உறுதியானது. ஊசி தவறியிருந்தால் இப்போதும் இலவசமாகப் போடலாம். குழந்தைக்குத் தயாராகிற பெண்கள் கர்ப்பமாவதற்கு முதலே போட வேண்டும், கர்ப்ப காலத்தில் போடுவதில்லை.

என் மகன் பத்து வயதில் அந்த நோயைப் பெற்றான். அவனுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, பதினொரு மாதம். ஊசிக்கான கடிதம் போன கிழமை வந்தது. கடிதம் வந்த அன்றே மருமகள் போன் எடுத்து நாள் குறித்துவிட்டா. அன்றைக்கு நானும் கூடப் போகிறேன்.